‘ஒரிஜினல் செட்’ என்று விற்கப்படும் போர்க்கால உடுப்பை எப்படிப் பரிசோதிப்பது?

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கத் தரைப்படையின் எம்1 ஹெல்மெட், எம்-1943 ஃபீல்டு ஜாக்கெட், கித்தான் பெல்ட், உறையுடன் தண்ணீர்க் குப்பி ஆகிய நான்கையும் ஒருவர் ‘ஒரிஜினல் செட்’ என்று சேர்த்து விற்கிறார், நச்சுவாயு முகமூடி ஒன்றையும் இலவசமாகத் தருகிறார், இவை அசல்தானா, போர் மறுநடிப்பு (அக்கால உடையில் பழைய போர்க் காட்சிகளை நடித்துக்காட்டும்) நிகழ்ச்சிகளில் அணியலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் ஒரே கேள்வி போலத் தெரிகிறது. உள்ளே இரண்டு இருக்கின்றன: பணத்துக்கு ஏற்ற பொருளா என்பது ஒன்று, உடம்பில் போடத் தக்கதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால், பெரும்பாலும் இரண்டாவதற்கு ‘வேண்டாம்’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

‘அசலா, போலியா’ என்று இரண்டே பெட்டிகள் வைத்துக்கொண்டு இந்தத் துறையில் இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். போர்க்காலத்தில் செய்தது, போருக்குப் பிறகு அதே படைக்காகச் செய்தது, போர்க்காலப் பொருளையே பிற்காலத்தில் பழுதுபார்த்துத் திரும்ப வழங்கியது, பிற நாட்டுப் படைகள் அதே மாதிரியில் செய்துகொண்டது, மறுநடிப்பாளர்களுக்காக வெளிப்படையாகச் செய்யும் மறுபதிப்பு, ஏமாற்றுவதற்காகவே பழசாக்கியது என்று குறைந்தது ஆறு வகை உண்டு. கடைசி வகையைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் புதிதாக வாங்குபவர் அதிகம் பணம் இழப்பது இரண்டாவது முதல் நான்காவது வரையிலான மூன்று வகைகளில்தான். அவை உண்மையிலேயே பழையவை, உண்மையிலேயே ராணுவத்துடையவை. ஆண்டோ நாடோ மட்டும்தான் தவறு. அதனால் ‘செட்’ என்ற சொல்லை முதலில் மறந்துவிடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும், அந்தப் பொருளுக்குள்ளேயே ஒவ்வொரு பாகத்துக்கும், தனித்தனியாகக் காலம் கணியுங்கள்.

ஹெல்மெட்டிலிருந்து தொடங்குவோம். எம்1 என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தொப்பிகள்: வெளியே எஃகு ஓடு, உள்ளே லைனர். 1941-இல் ஏற்கப்பட்டு, போர் முடிவதற்குள் 2 கோடிக்கும் மேற்பட்ட ஓடுகள் செய்யப்பட்டன. பெரும்பகுதியைச் செய்தது டெட்ராய்ட்டின் மெக்கார்ட் நிறுவனம்; 1943 முதல் செயின்ட் லூயிஸின் ஷ்லூட்டர் நிறுவனமும் சேர்ந்துகொண்டது. ஓட்டின் எஃகு சுமார் 12 முதல் 13 சதவீதம் மாங்கனீசு கலந்த ஹாட்ஃபீல்டு எஃகு. அதில் காந்தம் பிடிக்காது. சிறு காந்தம் ஒன்றை ஓட்டின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டால் அது அமெரிக்க ஓடு இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மலிவான மறுபதிப்புகளும் சில ஐரோப்பியப் படைகளின் நகல்களும் இங்கேயே விழுந்துவிடும். ஆனால் ஒட்டவில்லை என்பதற்காகப் போர்க்காலம் என்று முடிவுகட்ட வேண்டாம். போருக்குப் பிந்தைய அமெரிக்க ஓடுகளும் அதே எஃகுதான்.

காலத்தைச் சொல்பவை மூன்று இடங்கள். முதலாவது, ஓட்டின் விளிம்பைச் சுற்றி வரும் மெல்லிய எஃகுப் பட்டையின் இணைப்பு. 1944-இன் பிற்பகுதி வரை அது நெற்றிப் பக்கம் இருந்தது, அதன்பின் பிடரிப் பக்கம் போனது. இரண்டாவது, அந்தப் பட்டையின் உலோகம். முதலில் துருப்பிடிக்காத எஃகு. அதில் பெயிண்ட் நிற்காமல் உரிந்து பளபளத்ததால் பின்னர் மாங்கனீசு எஃகுக்கு மாறினார்கள். மூன்றாவது, தாடைவார் கோக்கும் வளையம். ஆரம்பத்தில் அது ஓட்டோடு அசையாமல் பற்றவைக்கப்பட்டிருந்தது. கீழே விழுந்தாலோ, மேலே யாராவது உட்கார்ந்தாலோ பற்றவைப்பு விட்டு உடைந்தது. அதனால் 1943-இன் பிற்பகுதியில் கீல்போல் அசையும் வளையம் வந்தது. ஆக, முன் இணைப்பும் அசையா வளையமும் இருந்தால் போரின் முற்பாதி. முன் இணைப்பும் அசையும் வளையமும் என்றால் 1943 இறுதிக்கும் 1944 இறுதிக்கும் இடைப்பட்ட ஓராண்டு. பின் இணைப்பும் அசையும் வளையமும் என்றால் போரின் கடைசி மாதங்களாகவும் இருக்கலாம், அதற்குப் பின்னால் பல பத்தாண்டுகளாகவும் இருக்கலாம். விற்பவர்கள் ‘நார்மண்டி ஹெல்மெட்’ என்று சொல்லிக் காட்டுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய 1944 ஜூனில் பின் இணைப்பு ஓடே கிடையாது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

ஓட்டின் உட்புறம், நெற்றிக்கு மேலே, சிறு எண்ணும் ஓர் எழுத்தும் குத்தப்பட்டிருக்கும். எந்த எஃகு வார்ப்பிலிருந்து வந்தது என்ற அடையாளம் அது. ஷ்லூட்டர் ஓடுகளில் கூடவே ‘எஸ்’ இருக்கும். இந்த எண்ணை மாதக் கணக்கில் தேதியாக மாற்றும் அட்டவணைகள் சேகரிப்பாளர்களிடையே சுற்றுகின்றன. அவை ஏராளமான ஓடுகளை ஒப்பிட்டுப் போட்ட கணிப்பு. தொழிற்சாலைப் பதிவேடு இல்லை. முன்பின் சில மாதங்கள் என்ற அளவில் பயன்படும். ‘இந்த எண் மே மாதம், ஆகவே இந்த ஹெல்மெட் இன்ன கடற்கரையில் இறங்கியது’ என்று ஒருவர் சொன்னால் அது கதை.

பெயிண்டில்தான் கவனம் அதிகம் வேண்டும். போர்க்காலப் பூச்சில் பொடித்த தக்கை கலந்திருக்கும்; கைக்கண்ணாடியில் பார்த்தால் தேய்ந்த இடங்களில் ஒழுங்கற்ற பழுப்புத் துணுக்குகள் தெரியும். பிற்காலப் பூச்சில் மணல் கலந்திருக்கும். அது கூர்மையாக, ஒரே அளவாக, வெளிச்சத்தில் மினுங்கும். கொரியப் போருக்கும் வியட்நாம் போருக்கும் பழைய ஓடுகளையே எடுத்து, மறுபடி பூசி, புது வார் மாட்டி அனுப்பினார்கள். ஆகவே ஓடு 1943, பூச்சு 1960-கள், வார் அதற்கும் பிறகு என்று ஒரே ஹெல்மெட்டில் மூன்று காலங்கள் கலந்திருப்பது சகஜம். போர்க்காலத் தாடைவார் வளையத்தில் நேரடியாகத் தைக்கப்பட்டிருக்கும். கிளிப் வைத்து மாட்டும் வார் பிற்காலத்தது. முதலில் காக்கி நிறம், பிறகு அடர்பச்சை. முதலில் பித்தளைக் கொக்கி, பிறகு கருமையாக்கிய எஃகு. விளிம்பிலிருந்து மேல்நோக்கி மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால் பதற வேண்டாம். குளிர்நிலையில் அழுத்தி ஆழமாக இழுத்த மாங்கனீசு எஃகில் தங்கிவிட்ட இறுக்கம் நாள்பட வெடிப்பதால் வருவது அது. விலையைக் குறைக்கச் சொல்லக் காரணமே தவிர, சந்தேகத்துக்குக் காரணம் அல்ல.

லைனரை வெளியே எடுக்காமல் வாங்காதீர்கள். 1941-42-இன் ஆரம்ப லைனர்கள் அட்டைநாரால் ஆனவை, ஈரத்தில் நெளிந்துவிடும். பிறகு வந்தவை பருத்தித் துணியைப் பிசினில் ஊறவைத்து அழுத்தியவை. உச்சியில் உட்புறம் செய்தவரின் குறி இருக்கும்: வெஸ்டிங்ஹவுஸ், ஃபயர்ஸ்டோன், கேபாக், எம்எஸ்ஏ என்று. இவர்களில் சிலர் 1950-களிலும் செய்தார்கள், ஆகவே குறி மட்டும் போதாது. நெற்றியில் சின்னம் பொருத்தச் சிறு துளை வளையம் இருக்கிறதா, தலையைத் தாங்கும் உள்வலைப் பட்டைகள் காக்கி நிறமா அடர்பச்சையா என்று பாருங்கள். துளையும் காக்கியும் போர்க்காலத்தின் பக்கம் சாயும். துளை இல்லாமல் அடர்பச்சை மட்டும் இருந்தால் பிற்காலம். ஓட்டையும் லைனரையும் படைவீரர்களே மாற்றி மாற்றிப் போட்டார்கள் என்பதால், இரண்டும் ஒரே ஆண்டாக இல்லாதது குற்றம் இல்லை.

ஜாக்கெட்டுக்கு வருவோம். எம்-1943 என்பது நெருக்கமாக நெய்த பச்சைப் பருத்திச் சாட்டினில், பாப்லின் உட்துணியோடு, நான்கு பெரிய பைகளோடு, பொத்தான்கள் மறைந்திருக்கும்படி தைத்தது. இடுப்பில் உட்புறமாக இழுகயிறு உண்டு. முன்புறம் ஜிப் இருந்தால் அது 1951 மாதிரி. விலை, காலம் எல்லாம் வேறு. லேபிளில் பொருளின் பெயர், அளவு, ஸ்டாக் எண் (கிடங்குப் பட்டியல் எண்), விவரக்குறிப்பு எண், ஒப்பந்த எண், தேதி, ஒப்பந்ததாரர் பெயர், ஃபிலடெல்ஃபியா குவார்ட்டர்மாஸ்டர் டிப்போ (படையின் வழங்கல் கிடங்கு) என்று வரிசையாக இருக்கும். ‘டிஎஸ்ஏ’ (பாதுகாப்பு வழங்கல் முகமை) என்று தொடங்கும் ஒப்பந்த எண் 1960-களுக்கோ 1970-களுக்கோ உரியது. 13 இலக்க ஸ்டாக் எண் இருந்தால் 1970-களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். இதற்கு முந்தைய குட்டை ஜாக்கெட்டைச் சேகரிப்பாளர்கள் ‘எம்-1941’ என்று அழைக்கிறார்கள். படை அதற்கு அப்படிப் பெயரிடவில்லை, லேபிளில் வெறும் ‘ஜாக்கெட், ஃபீல்டு’ என்றுதான் இருக்கும். ஆகவே ‘எம்-1941’ என்று அச்சிட்ட லேபிள் கண்ணில் பட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. அந்தக் குட்டை ஜாக்கெட்டின் ஜிப்பில் டேலன், கான்மார், கிரவுன் போன்ற அக்கால அமெரிக்கப் பெயர்கள் இருக்க வேண்டும்.

துணிக்கு எல்லோரும் சொல்லும் சோதனை புற ஊதா டார்ச். 365 நானோமீட்டர் விளக்கை இருட்டறையில் காட்டினால், ஒளிர்வூட்டும் வெளுப்பான் சேர்த்த நூல் நீலவெள்ளையாகப் பளிச்சென்று எரியும். அந்த வேதிப்பொருள்கள் போருக்குப் பிறகே நூலிலும் சோப்புத்தூளிலும் பரவலாயின. சோதனை நல்லதுதான், ஆனால் அதன் எல்லையைத் தெரிந்து பயன்படுத்துங்கள். அசல் ஜாக்கெட்டை 1980-களில் யாராவது சாதாரண சோப்புத்தூளில் துவைத்திருந்தால் அது முழுவதும் ஒளிரும். மறுபக்கம், விவரம் தெரிந்த மறுபதிப்பாளர்கள் வெளுப்பான் இல்லாத நூலையே வாங்குகிறார்கள், அவர்களுடையது ஒளிராது. கூர்ந்து பார்க்க வேண்டியது ஒளிர்வின் வேறுபாட்டை: துணி இருண்டிருக்க, தோள்சின்னத்தைத் தைத்த நூல் மட்டும் எரிந்தால், சின்னம் பிற்பாடு வந்து உட்கார்ந்தது. உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துவது இன்னும் தெளிவான சோதனை. பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். கம்பளி மயிர் கருகிய நாற்றத்தோடு தானே அணையும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். தையல் நூல் உருகினால் அந்தத் தையல் போர்க்காலத்தது அல்ல. விற்பவரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள்.

செயற்கையாகப் பழசாக்கியதைத் தேய்மானம் காட்டிக்கொடுக்கும். மனிதன் போட்டுத் தேய்ந்த ஜாக்கெட்டில் கழுத்துப்பட்டையின் மடிப்பு, கைமுனை, பைமூடியின் விளிம்பு, முழங்கை ஆகியவை முதலில் வெளுக்கும். பைமூடிக்கு அடியில் நிறம் ஆழமாகவே இருக்கும். உப்புத்தாளால் தேய்த்ததோ எங்கும் ஒரே சீராக வெளுத்திருக்கும், அல்லது உடம்பு உராயாத இடத்தில் வெளுத்திருக்கும். தேயிலைச் சாறில் முக்கியதில் லேபிளும் துணியும் ஒரே பழுப்பாகும். தையல் ஓரங்களில் சாயம் தேங்கிக் கோடு விழும். தோள்சின்னம் உண்மையில் அங்கேயே இருந்தது என்றால், அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும்போது அடித்துணி சுற்றியுள்ளதைவிட இருண்டிருக்கும்.

பெல்ட்டிலும் குப்பி உறையிலும் மையால் குத்திய செய்தவர் பெயரும் ஆண்டும் இருக்கும். மை இழைகளுக்குள் ஊறி ஓரங்கள் சற்றுக் கசிந்திருப்பது இயல்பு. மேற்பரப்பில் மட்டும் கூர்மையாக நிற்கும் கறுப்பு மை சந்தேகத்துக்கு உரியது. நிறம் போரின் நடுவில் காக்கியிலிருந்து அடர்பச்சைக்கு மாறியது. இடைக்காலத்தில் உடல் ஒரு நிறம், ஓரப்பட்டை வேறு நிறம் என்று தைத்ததும் உண்டு, அதைப் பார்த்து மிரள வேண்டாம். குப்பியின் அடியில் ஆண்டு குத்தியிருக்கும். அலுமினியத் தட்டுப்பாட்டால் 1942 முதல் துருப்பிடிக்காத எஃகும் வந்தது. இங்கே ஒன்று: நான்கு பொருளிலும் ‘1944’ என்றே இருந்தால் பலர் மகிழ்கிறார்கள். படையில் கிடங்கிலிருந்து கைக்குக் கிடைத்ததைத்தான் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே ஆண்டாக அமைந்த செட், பின்னாளில் சேகரிப்பாளர் யாரோ தேடிச் சேர்த்தது. அதில் தப்பில்லை, ஆனால் ‘ஒரே வீரருடையது’ என்று சொல்லி விலை ஏற்றினால் ஏற்காதீர்கள்.

வீரரின் பெயரைச் சொல்லி விற்கிறார் என்றால் உட்புறத்தில் சலவைக் குறியைத் தேடுங்கள். குடும்பப் பெயரின் முதல் எழுத்தும், சேவை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் இருக்கும். முழு எண் எட்டு இலக்கம். 1-இல் தொடங்கினால் தானாகச் சேர்ந்தவர், 2 என்றால் நேஷனல் கார்டு எனும் மாநிலப் படையிலிருந்து வந்தவர், 3 என்றால் கட்டாயப் படைசேர்ப்பில் வந்தவர். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் வைத்திருக்கும் படைசேர்ப்புப் பதிவுகளில் தேடிப் பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். முழுச் சேவைக் கோப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்: 1973 ஜூலை 12-இல் செயின்ட் லூயிஸ் ஆவண மையத்தில் பற்றிய தீயில், 1912 நவம்பர் முதல் 1959 முடியத் தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. இந்த இடைவெளி பொய்க்கதைகளுக்கு வசதி. பொருந்திய பெயரும் ‘இந்தப் பெயருள்ளவர் இருந்தார்’ என்பதைத்தான் நிறுவுமே தவிர, இந்த ஜாக்கெட் அவருடையது என்பதை அல்ல. மை புதிதாகவும் வைக்கப்படலாம்.

அணிவதைப் பற்றி. அசல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மண்ணில் படுத்து எழாதீர்கள். துணி திடமாகத் தெரியும். எண்பது ஆண்டுப் பருத்தித் தையல் நூல் அப்படி இல்லை. அக்குளிலும் தோள் இணைப்பிலும் முதலில் விட்டுப்போகும். வியர்வையின் உப்பும் கொழுப்பும் மிச்சத்தைக் கெடுக்கும். எஃகு ஓடு மட்டும் விதிவிலக்கு, அது முரட்டுப் பொருள். பூச்சு முக்கியமில்லாத ஒரு பிற்கால அமெரிக்க ஓட்டை வாங்கி, தக்கைப் பூச்சு கொடுத்து, மறுபதிப்பு உள்வலை மாட்டினால் 1945-இன் தோற்றம் குறைந்த செலவில் கிடைக்கும். 1944 கோடைதான் வேண்டுமென்றால் முன் இணைப்பு ஓடு தேடியாக வேண்டும்.

மறுபதிப்பு உடுப்பு வாங்கும்போது படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், துணியின் எடையையும் இழைக் கலவையையும் கேளுங்கள். கம்பளிக் கால்சட்டையில் பாலியெஸ்டர் கலந்திருந்தால் தோற்றம் கெடுவது ஒருபுறம். கூடாரத் தீயருகே பறக்கும் பொறியில் அது உருகித் தோலில் ஒட்டும். எம்-1943 ஜாக்கெட் கம்பளிச் சட்டை, ஸ்வெட்டர் இவற்றுக்கு மேல் போடவே வெட்டப்பட்டது. உள்ளுடைகளைப் போட்டுக்கொண்டே மார்பளவு எடுங்கள், இல்லாவிட்டால் கை தூக்க முடியாது. கால்சட்டை தொப்புள் அளவுக்கு ஏறி நிற்க வேண்டும். இன்றைய ஜீன்ஸ் அளவைக் கொடுத்து வாங்கினால் இடுப்பு கீழே இறங்கி, ஜாக்கெட்டுக்கும் கால்சட்டைக்கும் உள்ள விகிதமே குலையும்; தொலைவிலிருந்தே ‘வேஷம்’ என்று தெரிவதற்கு இதுதான் முதல் காரணம். வாங்கியதும் உட்புறத்தில் அழியாத மையால் ‘மறுபதிப்பு’ என்றும் ஆண்டையும் எழுதிவிடுங்கள். இருபது ஆண்டு உழைத்த நல்ல மறுபதிப்பு கைமாறும்போதுதான் ‘அசல்’ ஆகிறது.

அசலாகத் தேறிய ஜாக்கெட்டைத் துவைக்காதீர்கள். தடித்த, அகன்ற ஹேங்கரிலோ, அமிலமற்ற தாள் வைத்துத் தளர்வாக மடித்தோ, ஈரப்பதம் 50 சதவீதம் வாக்கில் இருக்கும் இருட்டான இடத்தில் வையுங்கள். 65-ஐத் தாண்டினால் பூஞ்சை வரும். கம்பளி எதை வாங்கினாலும் அந்துப்பூச்சி இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்: பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரம், வெளியே எடுத்தபின் ஒருநாள் பையைத் திறக்காமல் வைத்தால் ஈரம் துணிமேல் படியாது. லைனரின் தோல்பட்டைக்கு எண்ணெய் தடவும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம், எண்ணெய் பக்கத்திலுள்ள பருத்திக்கு ஊறும், பித்தளையோடு சேர்ந்து பச்சைப் பசையாகும். அந்தப் பசையை மரக்குச்சியால் சுரண்டினால் போதும்.

விற்பவரிடம் இந்தப் படங்களைக் கேளுங்கள்: விளிம்பு இணைப்பு, வளையம், உட்புற எண், லைனரின் உச்சி, ஜாக்கெட் லேபிள், தோள்சின்னத்தின் பின்புறத் தையல், பெல்ட்டின் முத்திரை, எல்லாம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். மறுத்தால் விட்டுவிடுங்கள். படத்திலிருந்து இணைப்பையும் வளையத்தையும் லேபிளையும் தீர்மானிக்க முடியும். பூச்சின் வயதையும் துணியின் தொடுகையையும் யாராலும் முடியாது. அதற்குத் திருப்பித்தரும் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த இலவச முகமூடியை முகத்தில் வைக்காதீர்கள், குழந்தைகள் கையிலும் கொடுக்காதீர்கள். போர்க்கால வடிகட்டிகள் பலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறது. பிரிட்டிஷ் முகமூடிகளில் இது நன்கு அறியப்பட்டது. அசைத்தாலே தூசி வரும். காட்சிக்கு வைப்பதானால் கனத்த பாலித்தீனில் இரண்டு உறையிட்டு மூடி, திறக்காமல் வையுங்கள். பிற்பாடு இதே விற்பனையாளர் இருட்டில் ஒளிரும் முகப்புள்ள திசைகாட்டியைக் காட்டினால், அந்தப் பூச்சு ரேடியமாக இருக்கலாம். ஒளி மங்கியிருந்தாலும் கதிர்வீச்சு குறைந்திருக்காது, ரேடியத்தின் அரைவாழ்வு சுமார் 1600 ஆண்டுகள். மூடியைக் கழற்றாதவரை பெரிய ஆபத்தில்லை. கழற்றிச் சுத்தம் செய்ய மட்டும் நினைக்காதீர்கள்.